மாத்திரை விட்டுப்போன நாட்கள்

அனைவருக்கும் வணக்கம். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து கொடுக்கும் மையத்தில், மாத்திரை வாங்குகிறவர்கள், மீதிப்பேர் கொடுக்கிறவர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசலாம்.

"நேற்று மாத்திரை போட மறந்துட்டேன், எல்லாம் போச்சா?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் போகவில்லை. நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதிலிருந்து தொடருங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாத்திரையே தொடாதவருக்கு உடம்பு கெடும். ஆனால் மருந்தே இல்லாத ரத்தத்தில், மருந்தை எதிர்க்கும் வைரஸுக்குத் தனி லாபம் எதுவும் இல்லை. ஒழுங்காகப் போடுகிறவரிடம் வைரஸ் பெருக வழியில்லை. பத்து நாள் போட்டு, ஒரு வாரம் விட்டு, மறுபடி தொடங்குகிறவரிடம்தான் சிக்கல். வைரஸும் பெருகுகிறது, மருந்தும் அரைகுறையாக இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஒரே நாளில் சுமார் 1,000 கோடி புது வைரஸ்கள் உருவாகும். நகலெடுக்கும்போது அது ஓயாமல் பிழை விடும். லாமிவுடின் என்ற மருந்தை முறியடிக்க, வைரஸ் நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியின் 184ஆவது இடத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும்.

2004இல் தாம்பரம் சானடோரியம் உட்பட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது, ஸ்டாவுடின், லாமிவுடினோடு நெவிரபின் கொடுத்தார்கள். மூன்றையும் ஒன்றாக நிறுத்தினாலும் நெவிரபின் மட்டும் நாள்கணக்கில் ரத்தத்தில் தங்கும். கூட்டு மருந்து, யாரும் சொல்லாமலே ஒற்றை மருந்தாகிவிடும். அதே நொதியின் 103ஆவது இடத்தில் ஒரு மாற்றம் வந்தால் நெவிரபினும் போச்சு, அதே வகை மருந்தான எஃபாவிரென்ஸும் போச்சு. இன்றைக்குக் கொடுக்கும் டோலுடெக்ராவிர் மருந்து அவ்வளவு எளிதில் தோற்காது. அதற்காகத் தோற்கவே தோற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, ஏன் விடுகிறார்கள்? பாதிக்கு மேல் மறதியே இல்லை என்பது என் எண்ணம். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே ஹாலில் படுத்திருக்கும்போது டப்பாவைத் திறந்தால் மாத்திரை கடகடக்கும். பஞ்சு வைத்து அடைப்பவர்கள் உண்டு, லேபிளைச் சுரண்டி எடுப்பவர்கள் உண்டு. அதுவும் முடியாதவர் மூன்று நாள் போடாமலே இருந்துவிடுவார். திரும்பி வந்தால் மையத்தில் திட்டு. அடுத்த முறை அவர் என்ன சொல்வார்? "ஒரு நாள்கூட விடலை மேடம்."

கொடுக்கிற பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் இருக்கும் வைரஸின் எண்ணிக்கை, 1,000க்கு மேல் வந்தால், மாத்திரை விட்டதாலா, எதிர்ப்பு வந்ததாலா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. விட்டதால் என்றால், சில மாதம் ஒழுங்காகப் போட்டாலே பெரும்பாலும் இறங்கிவிடும். உண்மையை மறைத்தால், நன்றாக வேலை செய்யும் மருந்தைத் தோற்றுவிட்டதாக நினைத்து மாற்றிவிடுவோம். "ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இந்த மாசம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்விகளுக்குப் போகுமுன் இன்னொன்று. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். அல்சருக்கு ஆன்டாசிட் (வயிற்று அமிலத்தை முறிக்கும் மருந்து) குடிப்பவர்கள், டோலுடெக்ராவிர் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.