நானும் அந்த "மற்றும் 11 பேர்"-ல ஒருத்தன்

எல்லாருக்கும் வணக்கம். விழாத் தலைவர் வக்கீல் சங்கத் தலைவர் அய்யா அவர்களே, உடம்பு முடியாத நிலையிலயும் வந்து முன்வரிசையில உக்காந்திருக்கிற எங்க தலைமையாசிரியர் அய்யா அவர்களே, கவுன்சிலர் அம்மா அவர்களே, இந்த ஹாலை வாடகை இல்லாம குடுத்த நூலகர் அவர்களே, எனக்கு முன்னாடி பேசி என் நேரத்துல பாதியை எடுத்துக்கிட்ட அண்ணன் அவர்களே (சும்மா சொல்றேன்ணே, கோவிச்சுக்காதீங்க), மைக் செட் தம்பி அவர்களே, உங்க எல்லாருக்கும் மறுபடியும் வணக்கம்.

குற்றம் சாட்டப்பட்டவன் என்ன தெரிஞ்சுக்கணும்னு பேசச் சொன்னாங்க. அஞ்சு விஷயம் எழுதிட்டு வந்திருக்கேன். கைது, ஜாமீன், விசாரணை, தண்டனை, அப்பீல். எங்க ஆத்தா ஒரு பழமொழி சொல்லும், "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்"னு. இந்த அஞ்சுக்கும் அது ஒண்ணு போதும். கோர்ட்ல நமக்குன்னு எழுதி வச்சிருக்கிறதுல பாதி, நாம வாயைத் திறந்து கேட்டாத்தான் கைக்கு வரும்.

முதல்ல கைது. 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ்., அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துடுச்சு, பிரிவு நம்பர் எல்லாம் மாறிப்போச்சு, வக்கீல்களே இன்னும் பழைய நம்பரைச் சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிறாங்க. ஆனா அடிப்படை அரசியல் சட்டத்துல இருக்கு, அது மாறல. பிரிவு 22 சொல்லுது, ஏன் பிடிக்கிறோம்னு சொல்லணும், வக்கீலைப் பாக்க விடணும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். 7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸ்னா எடுத்தவுடனே தூக்கிட்டுப் போகக் கூடாது, கைது ஏன் அவசியம்னு காரணம் எழுதணும், இல்லன்னா நோட்டீஸ் குடுத்துக் கூப்பிடணும்னு 2014-லயே சுப்ரீம் கோர்ட் அர்னேஷ் குமார் கேஸ்ல சொல்லிடுச்சு. போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டதா எழுதி வாங்குற வாக்குமூலம் கோர்ட்ல உங்களுக்கு எதிரா சாட்சியம் ஆகாது. ரிமாண்டுக்கு, அதாவது காவல்ல வைக்க உத்தரவு வாங்கக் கொண்டுபோறப்ப "அடிச்சாங்களா"ன்னு மாஜிஸ்ட்ரேட் கேப்பாரு. அடிச்சிருந்தா அங்கேயே சொல்லிடணும். பயந்துக்கிட்டு "இல்லைங்கய்யா"ன்னு சொல்லிட்டு வீட்ல வந்து அழுது என்ன பிரயோஜனம்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், ஆனா அழ வேண்டிய இடத்துல அழணும்.

ஜாமீன்லயும் இதே கதைதான். பிடிச்சு ரிமாண்ட் பண்ணி 60 நாள், பெரிய கேஸ்னா 90 நாள், அதுக்குள்ள குற்றப்பத்திரிகை போடலைன்னா ஜாமீன் உங்க உரிமை, கோர்ட் மறுக்க முடியாது. ஆனா 61-வது நாள் மனுப் போடாம சும்மா இருந்து, 62-வது நாள் குற்றப்பத்திரிகை வந்துடுச்சுன்னா அந்த உரிமை போச்சு. ஒரே நாள்ல!

இப்ப என் கதைக்கு வரேன். சில வருஷத்துக்கு முன்னாடி பஸ் ரூட் கேட்டு மறியல் பண்ணினோம், 12 பேர் மேல கேஸ். நான் ஏ7, அதாவது குற்றம் சாட்டப்பட்டவங்க பட்டியல்ல ஏழாவது ஆளு. சம்மன் வந்துச்சு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு காலைல 9 மணிக்கே போய் கோர்ட் வராண்டாவுல உக்காந்துட்டேன். டவாலி ஒவ்வொரு பேரா மூணு தடவை கூப்பிடுறாரு, நான் காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன். என் பேர் வரல. 11 மணி ஆச்சு, 1 மணி ஆச்சு, பக்கத்துல உக்காந்திருந்த பெரியவரோட பாகப்பிரிவினைக் கேஸை ஆரம்பத்துல இருந்து கேட்டு முடிச்சுட்டேன், அவருக்குத் தீர்ப்பே சொல்லிடலாம் நான், அப்பவும் என் பேர் வரல. சாயங்காலம் கோர்ட் கலையுது, ஓடிப்போய் பெஞ்ச் கிளார்க்கைக் கேட்டா, "உங்க கேஸ் காலைலயே கூப்பிட்டாச்சே, வாரண்ட் போட்டாச்சே"ங்கிறாரு. எப்படி? ஏ1 பேரைச் சொல்லி "மற்றும் 11 பேர்"னு கூப்பிட்டிருக்காங்க. அந்த மற்றும் நான்தான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? எங்க வக்கீல் வேற கோர்ட்ல, மத்த பேரெல்லாம் ஏ1 பின்னாடியே உள்ள போயிட்டு வந்துட்டாங்க. மறுநாள் வாரண்டை ரீகால் பண்ண, அதாவது திரும்ப வாங்க, மனு. மாஜிஸ்ட்ரேட் "ஏன் ஆஜராகல"ன்னாரு. "அய்யா, ஆஜராகித்தான் இருந்தேன், வராண்டாவுல"ன்னேன். சிரிச்சுட்டாரு. ஆர்டரை இங்கிலீஷ்ல டிக்டேட் பண்ணினாரு, "ரீகால்டு"ன்னாரு, மறுபடியும் உள்ள கூப்பிடுறாங்க போலன்னு எனக்குக் கையெல்லாம் ஆடிப்போச்சு!

சிரிக்கிறீங்க. ஆனா நம்ம கேஸ் நமக்கே புரியாம நடக்குதுன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. பின்னாடி கேஸை ரத்து பண்ணச் சொல்லி ஐகோர்ட் போனோம். ரெண்டு வக்கீலும் இங்கிலீஷ்ல என்னைப் பத்தித்தான் பேசுறாங்க, ஒரு வார்த்தை புரியல. என் பேராவது காதுல விழும்னு பாத்தேன், அங்கயும் நான் "அண்ட் அதர்ஸ்".

விசாரணை பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். சாட்சி முடிஞ்சதும் ஜட்ஜ் நம்மகிட்ட நேரா கேள்வி கேப்பாரு, பழைய சட்டத்துல பிரிவு 313, இப்ப புதுசுல 351. சத்தியப் பிரமாணம் கிடையாது, பதில் சொல்லலைன்னு தண்டிக்க முடியாது. முழு கேஸ்லயும் நம்ம வாய்க்குன்னு இருக்கிற இடம் அது. அங்க நிறைய பேர் "பொய்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுறாங்க. புரியாத மொழியில சாட்சி சொன்னா குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் புரியுற மொழியில சொல்லணும்னு சட்டமே இருக்கு. அப்ப ஐகோர்ட் வாதம் மட்டும் ஏன் எனக்குப் புரியக் கூடாது? ஐகோர்ட்ல மாநில மொழியில பேச அரசியல் சட்டம் 348(2)-ல வழி இருக்கு, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நாலு ஐகோர்ட்ல இந்தி இருக்கு. நம்ம சட்டசபை ஐகோர்ட்ல தமிழ் வேணும்னு 2006-ல தீர்மானம் போட்டுச்சு, 2012-ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க கூடி வேண்டாம்னுட்டாங்க. ஒரு தடவை இல்லைன்னா அழுகையை நிறுத்திடுறதா? அழுத பிள்ளைதாங்க பால் குடிக்கும்!

நேரம் முடிஞ்சுதுன்னு தலைவர் சீட்டு குடுத்துட்டாரு. தண்டனை, அப்பீல் ரெண்டும் இன்னொரு நாள். காவல்ல இருக்கிறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு போன் பண்ணலாம். ஐகோர்ட்ல தமிழ் கேட்டு மனு வாசல் டேபிள்ல இருக்கு, கையெழுத்து போட்டுட்டுப் போங்க. முழுப் பேரையும் எழுதுங்க, "மற்றும் பலர்"னு எவனும் போடக் கூடாது. பேனா நூலகத்தோடது, அங்கேயே வச்சிடுங்க.