புறா வலை போட்டாச்சு! (400 ரூபா மிச்சம் பண்ண கதை) | புளி & சுண்டல் பங்குனி அப்டேட்

இருங்க இருங்க, முதல்ல இந்த பூனை வால கேமரா முன்னாடிலேந்து நகத்திக்கிறேன். புளி, தள்ளுடா. ம்ம். போன வீடியோல ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சுன்னு பாதி பேர் திட்டினீங்க, அதனால ஃபேன ஆஃப் பண்ணிட்டு வேர்க்க வேர்க்க உக்காந்திருக்கேன். பங்குனி வெயில்ல எனக்கு இது தேவையா.

சரி மேட்டருக்கு வரேன், பால்கனிக்கு வலை போட்டாச்சு! ஆமாங்க, பொங்கல்லேந்து போடறேன் போடறேன்னு சொல்லிட்டு இருந்தேன்ல, அதே வலைதான்.

திடீர்னு என்ன அவசரம்னா, குயில். எதிர் வேப்ப மரத்துல இந்த சீசன்ல காலைல நாலரைக்கே ஆரம்பிச்சுடுது. கேக்க நல்லாதான் இருக்கும், பூனை இல்லாத வீட்ல. இங்க அது ஒரு தடவ கூவுனா புளி ஜன்னலுக்கு ஓடுவான், சுண்டல் என் வயித்த மிதிச்சுட்டு பின்னாடியே ஓடுவா. இதுல ஏசி அவுட்டோர் மேல புறா கூடு வேற கட்டியிருக்கு. மார்கழில ஜன்னல சாத்தியே வெச்சிருந்தோம், இப்ப புழுக்கத்துக்கு எல்லாத்தையும் தொறந்தாகணும்.

போன ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சிட்டு இருக்கேன், திரும்பி பாத்தா புளி சார் கிச்சன் ஜன்னல் திட்டுல. பல்லு கடகடகடன்னு அடிக்குது, பின்னாடி ரெண்டு காலும் மாத்தி மாத்தி ஆடுது. பூனை வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும், அடுத்தது பாய்ச்சல்தான். புறா ஒரு முழம் தள்ளி, கீழ நாலு மாடி. இடுப்போட சேத்து புடிச்சுட்டேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் போச்சு, கைல கீறல் இதோ பாருங்க இன்னும் இருக்கு.

கமெண்ட்ல ஒருத்தர் "பூனை எங்கேந்து விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும் சிஸ்டர்"னு போடுவீங்க, தெரியும். 1987ல நியூயார்க்ல ஒரு ஸ்டடி வந்துச்சு, மாடிலேந்து விழுந்த 132 பூனைங்க, 90 சதவீதம் பொழச்சுதுன்னு. எல்லாரும் அத மட்டும் சொல்லுவாங்க. அது ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு வந்த பூனைங்க கணக்குங்க! விழுந்த இடத்துலயே போனத யாரு தூக்கிட்டு வருவா? பொழச்சதுலயும் தாடை உடைஞ்சது, நெஞ்சுல அடின்னு எத்தனையோ.

இப்ப வலைக்காரர் கதை. வந்தாரு, கண்ணாலயே பாத்தாரு, "11க்கு 8 மேடம், 88 சதுர அடி, அடிக்கு 25, ரெண்டாயிரத்தி இருநூறு"ன்னாரு. நான் அம்மாவோட தையல் டேப்ப எடுத்துட்டு வந்தேன். அகலம் ஒன்பதே முக்கால், உயரம் ஏழேகால். 71 சதுர அடி கூட வரல. 71னே வெச்சுக்கிட்டாலும் 1775 தானே? "ஓரத்துக்கு மடிக்கணும் மேடம்"ங்கறாரு. மடிக்கறதுக்கு 17 சதுர அடியா, என்ன பட்டுப்பாவாடையா தைக்கிறீங்க? கால் மணி நேரம் பேசி 1800க்கு முடிச்சேன். நானூறு ரூபா! எங்க வீட்டுக்காரர்ட்ட மூணு தடவ சொல்லிட்டேன், அவரு கண்டுக்கவே இல்ல, அதான் உங்ககிட்ட சொல்றேன்.

ஆனா வலைக்காரர் போனப்புறம் பாத்தா இடது பக்க கீழ் மூலைல ஹூக்குக்கும் செவுத்துக்கும் நடுவுல என் நாலு விரல் நுழையுது. சுண்டல் தலைய விட்டு பாக்கறா. பூனைக்கு தலை போச்சுன்னா உடம்பு போயிடும், நமக்கு மாதிரி தோள்பட்டை எலும்பு தடுக்காது. கேபிள் டை ஒரு பாக்கெட் 60 ரூபா, அத வெச்சு நானே இழுத்து கட்டிட்டேன். அப்ப மிச்சம் 340ன்னு சொல்லாதீங்க, அது தனி கணக்கு. இன்னொன்னு, இது நைலான், வெயில்ல நைஞ்சுடும், புளி கடிக்க வேற ஆரம்பிச்சுட்டான், அதனால வாரம் ஒரு தடவ தடவி பாக்கணும். நான் இல்லாதப்ப பால்கனி கதவு சாத்திதான்.

ஐயோ, முக்கியமானத மறந்துட்டேன். ஈஸ்டருக்கு கீழ் வீட்டு ஆன்ட்டி பொக்கே குடுத்தாங்க, நடுவுல பெரிய வெள்ளை லில்லி. வாசல்லயே வெச்சு திருப்பி குடுத்துட்டேன், அவங்க மூஞ்சி சுருங்கிடுச்சு. நான் என்ன பண்றது? அந்த லில்லில இலை, பூ, மகரந்தம், ஜாடி தண்ணி எல்லாமே பூனைக்கு விஷம், ரெண்டு மூணு நாள்ல கிட்னி போயிடும். மேல பட்ட பொடிய நக்குனாலே போதும். தொட்டுடுச்சுன்னா வாந்தி எடுக்குதா பாப்போம்னு உக்காராதீங்க, நேரா டாக்டர்ட்ட ஓடுங்க. பீஸ் லில்லி வேற செடி, அது வாய் எரியும், எச்சி ஒழுகும், கிட்னி வரைக்கும் போகாது, ஆனாலும் நான் வெக்க மாட்டேன்.

பூனை முடி பத்தி கேட்டிருந்தீங்க. கொட்டுதுங்க, கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, நேத்து தயிர் சாதத்துலயே ஒண்ணு. தினம் அஞ்சு நிமிஷம் சீப்பு போட்டா அது வயித்துக்குள்ள போறதாவது குறையும். வெயில்னு மொட்டை மட்டும் அடிச்சு விடாதீங்க, எனக்கு அத பாத்தாலே பத்திக்கிட்டு வரும். அப்புறம் தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்து மிச்சம் இருக்குன்னு பூனை கழுத்துல ஊத்தறது... பெர்மெத்ரின்னு போட்டிருந்தா கிட்டயே கொண்டு போகாதீங்க, பூனை லிவரால அத உடைக்க முடியாது, வலிப்பு வந்துடும்.

சீப்பு எதுன்னு லிங்க்... இருங்க, தையல் டேப் இங்கதானே வெச்சேன்? சுண்டல்! வாய்ல என்னடி அது? முழுங்கிடாத, விடு, விடுடி, கேமராவ அப்புறம்