முதலில் கட்டை, அப்புறம் கட்டர்

வணக்கம் நேயர்களே. தீயணைப்பு வீரர் என்றதும் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் துறையின் பெயரில் 'மீட்பு' என்ற சொல்லும் இருக்கிறது. நொறுங்கிய லாரிக்குள் சிக்கிய ஓட்டுநரை உயிரோடு வெளியே எடுப்பது அதில் மிகக் கடினமான வேலை. அதற்கான பயிற்சியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

காரில் பழகியதை லாரியில் அப்படியே செய்ய முடியாது. பத்துச் சக்கர லாரி சுமையோடு 28.5 டன் வரை இருக்கலாம். ஓட்டுநர் இருக்கையோ நம் தலை உயரத்தில். இரும்பை வெட்டும் கனமான கட்டரைத் தூக்கிக்கொண்டு நிற்கவே முதலில் ஒரு மேடை வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் நேராகக் கட்டரை எடுக்கப் போவார்கள். நான் விடமாட்டேன். முதலில் சக்கரத்துக்குக் கட்டை, சேஸிஸுக்கு, அதாவது லாரியின் அடிச்சட்டத்துக்கு, முட்டு. கேபினைச் சங்கிலி போட்டுச் சேஸிஸோடு கட்ட வேண்டும். கேபின் முன்பக்கம் மடங்குகிற மாதிரி அமைந்தது. மோதலில் பூட்டு விட்டிருந்தால் நாம் தொட்டதும் சரியும். லாரிக்கு அடியில் காற்றுப் பையை வைத்து, காற்றடைத்துத் தூக்கும்போது ஒரு அங்குலம் உயர்ந்தால் உடனே ஒரு அங்குலம் கட்டை செருக வேண்டும். பயிற்சியில் சேஸிஸ் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துத் தூக்கச் சொல்வேன். சிந்தினால் இறக்கிவிட்டு மறுபடியும் தூக்க வேண்டும்.

அடுத்து, மனிதர். டேஷ்போர்டுக்கு அடியில் கால் நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால், சட்டென்று விடுவிப்பதே ஆபத்து. நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். அதனால் 108 ஊழியர் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி உப்புநீர் ஏற்றத் தொடங்கிய பிறகே டேஷ்போர்டைத் தள்ளுவோம். அதுவரை ஒருவர் ஓட்டுநரின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். இந்தப் பொறுப்பைப் பயிற்சியில் எல்லோருக்கும் கொடுப்பேன். சிக்கியவராகவும் ஒவ்வொருவரும் ஒருமுறை கேபினுக்குள் உட்கார வேண்டும். தலைக்கு மேல் இரும்பு முறியும் சத்தத்தைக் கேட்டவர், 'இப்போது சத்தம் வரும், பயப்படாதீர்கள்' என்று முன்கூட்டியே சொல்லப் பழகிவிடுகிறார்.

நேயர்களே, உள்ளே ஆள் இருக்கும்போது கயிறோ ஜேசிபியோ கட்டி லாரியை இழுக்காதீர்கள். உதவும் மனதோடுதான் செய்கிறீர்கள், ஆனால் சிக்கிய கால் துண்டாகிவிடும். 112-ஐ அழைத்து, ஆள் சிக்கியிருக்கிறார் என்பதையும் என்ன சரக்கு என்பதையும் சொல்லுங்கள். டேங்கர் என்றால் அதன் பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு. தள்ளி நின்றே அதைப் படித்துச் சொன்னால், வண்டி கிளம்பும்போதே எதோடு வர வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.