அந்தத் துணிக்குத்தான் காசு!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில், மாரா ஆற்றங்கரையில் தங்கப் போகிறவருக்குச் சுகம் தருவது கல் கட்டிடமா, சொகுசுக் கூடாரமா என்பது கேள்வி. எதிரணித் தலைவர் ஒரே வரியில் மடக்கப் பார்த்தார்: "2024 முதல், ஜூலை தொடங்கி டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணமே 200 டாலர். அதற்கு மேலும் கொட்டிக் கொடுத்துவிட்டுத் துணிக்குள்ளா படுப்பது?" கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

ஐயா, அந்தத் துணிக்குத்தான் காசு!

பகலில் ஜீப்பில் போய் சிங்கம் பார்ப்பது இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது இருட்டிய பிறகு. பகலெல்லாம் மூக்கை மட்டும் வெளியே நீட்டித் தண்ணீரில் கிடந்த நீர்யானை, ராத்திரி கரையேறி மேயும். ஓர் இரவுக்குச் சுமார் 40 கிலோ புல். அகன்ற உதட்டால் அது புல்லைப் பற்றி 'சரக் சரக்' என்று பிடுங்குவது தலைமாட்டிலேயே கேட்கும். கல் சுவருக்குள் படுத்தால் என்ன கேட்கும்? உங்கள் குறட்டை!

"கிழித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டால்?" என்றார் அடுத்தவர். மூடிய கூடாரத்தை விலங்குகள் பொதுவாகச் சுவராகவே நினைத்து விலகிப் போகும். ஆனால் ஜிப்பைத் திறந்து தனியாக இறங்கினால் கதை வேறு. நீர்யானைக்கும் ஆற்றுக்கும் நடுவே மாட்டியவன் கதி அதோகதி. அதனால்தான் இருட்டினால் டார்ச்சோடு காவலர் வந்து கூட்டிப்போகிறார். உள்ளே தின்பண்டம் வைக்கவும் விடமாட்டார்கள், குரங்கு தேடி வந்துவிடும்.

அப்புறம், கூடாரத்தைப் பிரித்து எடுத்தால் புல் முளைக்கும். கான்கிரீட்டைப் போட்டால் போட்டதுதான். சரி, கூடாரம் என்ற பெயரில் கரை முழுவதையும் அடைத்து, வில்டபீஸ்ட் என்ற மாடு மாதிரியான மான் கூட்டம் ஆற்றைக் கடக்கும் துறையை மறித்தால்? அன்றைக்கு நானே எதிரணி மேடைக்கு வந்துவிடுகிறேன்.

கடைசியாகக் குளிர். மாரா 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி நடுங்கும்தான். அதற்காக நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போதே பல முகாம்களில் போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிடுகிறார்கள். தெரியாமல் காலை நீட்டியவர் போடும் கூச்சலில் நீர்யானையே ஓடும் என்பது வேறு விஷயம். பழகிவிட்டால், விடியற்காலை சஃபாரிக்கு எழுப்பினாலும் எதிரணித் தலைவர் எழுந்திருக்க மாட்டார், நடுவர் அவர்களே!