தபால்தலையை வெட்டாதீங்க, ஊர் பெயர் இடது பக்கம் இருக்கு!

[திரையில்: பழைய கவர் ஒன்று, பக்கத்தில் கத்தரிக்கோல்]

மதுரையில பழைய பேப்பர் கடையில ஒரு கட்டு கவர் கிடைச்சதும் நிறையப் பேர் தபால்தலையை வெட்டித் தண்ணியில ஊறப்போட்டுடறாங்க. தபால் ஆபீஸ்ல கையால குத்தாம மெஷின்ல விழுந்த முத்திரை இருக்கிற கவரா இருந்தா அங்கேயே எல்லாம் போச்சு! ஊர் பெயரும் தேதியும் இருக்கிற வட்டம் பெரும்பாலும் இடது பக்கம் விழும். தபால்தலை மேல விழறது அலைக்கோடோ விளம்பர வாசகமோதான். தலையை மட்டும் வெட்டினா எந்த ஊரு, எந்த நாளுன்னு சொல்ல ஒண்ணும் மிஞ்சாது. முழுக் கவரா வைங்க.

வரலாறு ஒரே வரியில: கையால குத்தி முடியாத அளவுக்குக் கடிதம் குவிஞ்சது, 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில மெஷின் வந்துச்சு.

இப்ப சுவாரசியமான இடத்துக்கு வருவோம். கவர்ல எத்தனை வட்டம்னு எண்ணுங்க. ஒண்ணுதான்னா, அமெரிக்காவோட யுனிவர்சல் மாதிரி மெஷினா இருக்கலாம். கடிதம் உள்ள போனதும் அச்சு ஒரே ஒரு தடவை பதியும். வட்டம், வாசகம், மறுபடி வட்டம்னு கவரோட மேல்விளிம்பு நெடுக ஓடுதா? அது நார்வேயில பிறந்த கிராக் மாதிரி தொடர் அச்சு மெஷின். அச்சு பொருத்தின உருளை நிக்காம சுத்தும், கடிதம் எப்ப நுழையுதோ அங்கிருந்து அச்சு ஆரம்பிக்கும். அதனாலதான் ஒரு கவர்ல வட்டம் முழுசா இருக்கு, இன்னொண்ணுல ஓரத்துல பாதியா நிக்குது. ஸ்கேலை எடுத்து ஒரு வட்டத்தின் நடுவுல இருந்து அடுத்த வட்டத்தின் நடுவு வரைக்கும் அளங்க. உருளையில ஒரே வட்டம்தான்னா, அதுதான் உருளையோட சுற்றளவு, 3.14-ஆல வகுத்தா குறுக்களவு. கண்ணால பார்க்காத மெஷினோட உருளையை ஒரு காகிதத்தை வச்சே அளந்தாச்சு! இந்தப் பொழுதுபோக்கில எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இதுதான்.

பட்டியல்ல எழுத வேண்டியது: வட்டத்தின் குறுக்களவு மில்லிமீட்டர்ல, கோடுகளின் எண்ணிக்கை, வட்டத்துக்கும் கோட்டுக்கும் இடைவெளி, தேதி, நேரம், வாசகம். ஒரே அச்சு எந்தத் தேதியில முதல்ல தெரியுது, எதுல கடைசியாத் தெரியுதுன்னு தனியா குறிச்சுட்டே வாங்க. ஆண்டு மங்கிப்போனா எழுத்தைப் பாருங்க. ஆங்கிலத்துல 'மதுரா'ன்னு இருந்தா ஆங்கிலேயர் காலத்து வழக்கம். 625001 இருந்தா, பின்கோடு வந்த 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னாடி போக முடியாது. 'ஜெய் ஹிந்த்' வாசகம் கிடைச்சா பத்திரம், அது 1947 ஆகஸ்ட் 15-ல தொடங்கினது.

முத்திரை கவரோட கீழ்மூலையில தலைகீழா விழுந்து, தபால்தலை சுத்தமா இருக்கா? போலின்னு ஒதுக்காதீங்க. அடுக்கும்போது கடிதத்தைத் திருப்பி வச்சுட்டாங்க, அவ்வளவுதான். தடிமனான கல்யாணப் பத்திரிகையில மெஷின் முத்திரையைத் தேடாதீங்க. உள்ள போனா சிக்கிக்கும், அதனால கையாலதான் குத்துவாங்க.

செலோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். துருப்பிடிச்ச ஸ்டேப்ளர் பின்னைக் கழட்டிட்டு பாலிப்ரொப்பிலீன் உறையில போடுங்க.

நம்ம வீடுகள்ல கடிதத்தைக் கம்பியில குத்தி வைப்போமே, அந்த ஓட்டையை அடைக்காம அப்படியே விடுங்க. தாத்தா வீட்டுல அந்தக் கம்பி இன்னும் தொங்குதா? இறக்கி, வட்டத்துக்கு வட்டம் எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து, ஊர் பெயரோட கமெண்ட்ல எழுதுங்க.