காட்டிக்கொடுக்கும் கை

நேயர்களுக்கு வணக்கம்.

மோர்ஸ் தட்டும் தாளத்தைக் கேட்டே, கம்பியின் மறுமுனையில் இருப்பவர் யார் என்று அந்தக் காலத் தந்திக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். விசைப்பலகையைத் தட்டும், மவுஸை நகர்த்தும் பழக்கத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண, இன்று கணினி செய்வதும் அதே வேலைதான்.

விசைப்பலகையில் அளப்பது இரண்டே இரண்டு. ஒரு விசை எவ்வளவு நேரம் அமுங்கியிருந்தது, அதை விட்டபின் அடுத்ததை அழுத்த எவ்வளவு நேரம் ஆனது. முதலாவது பெரும்பாலும் 100 மில்லி செகண்டை ஒட்டி இருக்கும். இரண்டாவது சில சமயம் மைனஸில் போகும், ஏனென்றால் வேகமாகத் தட்டுபவர் முதல் விசையை விடுவதற்குள் அடுத்ததை அழுத்திவிடுகிறார். இதைப் பிழை என்று நினைத்து நீக்குகிற புரோகிராமர்கள் உண்டு. ஆளை அடையாளம் காட்டும் தகவலே அதில்தான் இருக்கிறது, ஐயா!

2009-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 51 பேரை ஒரே பாஸ்வேர்டை ஆளுக்கு 400 முறை தட்டவைத்தார்கள். தட்டியவர் யார் என்று கண்டுபிடிக்கும் பல முறைகளை அதில் ஒப்பிட்டபோது, முதலிடம் பிடித்த முறையிலேயே ஆளைத் தவறாகக் கணிக்கும் பிழை சுமார் 10 சதவீதம். இதை மட்டும் நம்பிக் கதவைத் திறக்க முடியாது.

மவுஸில் இன்னும் நுட்பமாகப் பிடிக்கலாம். நீங்கள் ஒரு பொத்தானை நோக்கி அம்புக்குறியைக் கொண்டுபோகிறீர்கள். நடுவழியில் மென்பொருள் அதைச் சில டிகிரி பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. கண் அதைப் பார்த்து, கை திருத்திக்கொள்ள ஏறத்தாழ கால் செகண்டுதான். மனசுக்குத் தெரியவே தெரியாது. ஒருவர் கை இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும், இன்னொருவருடையது வளைந்து வளைந்து வந்து சேரும். திருத்தம் எப்போது தொடங்கியது, எத்தனை துண்டு அசைவுகள், எவ்வளவு தாண்டியது என்று குறித்துக்கொள்கிறார்கள். கோணம் ஒவ்வொரு முறையும் மாறுவதால், பழைய அசைவைப் பதிவுசெய்து திரும்ப ஓட்டுபவன் மாட்டிக்கொள்வான். தூரத்திலிருந்து கணினியை இயக்குபவனும் அப்படியே, இணையத் தாமதம் அவன் திருத்தத்தில் ஏறிவிடும்.

தள்ளலை அதிகமாக வைத்தால் மவுஸ் கெட்டுவிட்டது என்று ஆட்கள் அதை உலுக்கத் தொடங்குவார்கள், அந்த அளவீடு குப்பை. இன்னொரு தொல்லை, இணையப் பக்கத்தால் உண்மையான அம்புக்குறியை நகர்த்த முடியாது. அதை மறைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒன்றை வரைந்துதான் தள்ளவேண்டும்.

கருவிகளும் ஏமாற்றும். எந்த விசை அழுத்தப்பட்டது என்று கணினி நொடிக்கு 125 முறை மட்டும் விசாரிக்கும் யுஎஸ்பி கீபோர்டில் 8 மில்லி செகண்டுக்குக் கீழான வித்தியாசம் தெரியாது. 2018-இல் ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், பிரவுசர்களும் இணையப் பக்கங்களுக்குக் காட்டும் கடிகாரத்தின் துல்லியத்தை மழுப்பிவிட்டன. பாஸ்வேர்டைத் தட்டாமல் காப்பி செய்து ஒட்டுபவரிடம் அளக்கத் தாளமே இல்லை.

விரலில் கட்டுப் போட்டவரை வெளியே தள்ளிவிடக் கூடாது. பழக்கம் எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண் குறைந்தால் ஓடிபி கேட்டால் போதும். ஒப்பிடுவதற்காகச் சேமிக்கும் கைப்பழக்கப் பதிவை, அதாவது மாதிரியை, கணினிக்கும் கைபேசிக்கும் தனித்தனியாக வையுங்கள். உள்ளே வந்தவர் உரியவர்தான் என்று வேறு வழியில் உறுதியான அமர்வுகளைக் கொண்டு மட்டுமே மாதிரியைப் புதுப்பியுங்கள். கண்டபடி புதுப்பித்தால், உள்ளே நுழைந்தவன் தன் கைப்பழக்கத்தையே கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் மாதிரியில் எழுதிவிடுவான்.

நன்றி, வணக்கம்.