பாரிஸில் பூத்த வெள்ளைப் பூ புதுச்சேரியில் பூக்குமா?

[காட்சி: கைப்பேசித் திரையில் ஒரு படம். வெள்ளைப் பூ மூடிய புதர்.]

பாரிஸில் இருக்கும் என் அண்ணன் மகள் ஏப்ரலில் இந்தப் படத்தை அனுப்பினாள். "அத்தை, இது என்ன பூ? ஊருக்கு வரும்போது விதை எடுத்து வரட்டுமா?" பூவை மட்டும் பார்த்து செர்ரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. நல்லவேளை, பட்டையையும் தளிரையும் பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பச் சொன்னேன். ஜூனில் பழத்தின் படமும் வந்தது.

[காட்சி: பூ, பட்டை, பழம், ஒவ்வொன்றாக.]

இதன் பெயர் சர்வீஸ்பெர்ரி. பிரெஞ்சில் அமெலான்ஷியே. ரோஜா குடும்பம், ஆப்பிளுக்கு நெருங்கிய சொந்தம். பூவில் ஐந்து இதழ்கள். செர்ரி இதழைப் போல அகலமாக இல்லாமல், நாடாவைக் கிழித்து ஒட்டியதுபோல ஒடுங்கி நீண்டிருக்கும். பட்டையைப் பாருங்கள். சாம்பல் நிறம், வழவழப்பு, மேலிருந்து கீழாக ஓடும் கருங்கோடுகள். செர்ரிப் பட்டையில் கோடுகள் குறுக்கே ஓடும். தோட்டங்களில் வைக்கும் வகைகளில் தளிர் செம்பு நிறத்தில் வரும். இலை விளிம்பில் பொடிப் பற்கள் இருக்கும்.

பழம் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். கொய்யாவின் நுனியில் காய்ந்த கிரீடம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே போன்ற கிரீடம் இந்தச் சின்னப் பழத்திலும் உண்டு. பச்சையிலிருந்து சிவந்து, கருநீலத்துக்குப் போகும். உள்ளே செர்ரியைப் போல ஒற்றைக் கொட்டை கிடையாது. சின்னச் சின்ன விதைகள். இந்தப் பழத்துக்கு வட அமெரிக்கப் பூர்வகுடிகளான கிரீ மக்கள் வைத்த பெயரிலிருந்துதான் கனடாவின் சாஸ்கடூன் நகரம் பெயர் பெற்றது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இதற்கு ஷாட் புதர் என்றும் பெயர். ஷாட் மீன் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் நாட்களில் இது பூக்கும். கடலோரக்காரர்களான நமக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும்.

[காட்சி: புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, ஜனவரி விடியற்காலை. மஃப்ளர் கட்டிய பெரியவர்கள்.]

இனி இரண்டாவது கேள்வி. விதை முளைக்க, ஈர மணலில் மூன்று நான்கு மாதம் உறையாத கடுங்குளிரில் கிடக்க வேண்டும். அதற்கு ஃபிரிட்ஜ் போதும். ஆனால் செடி வளர்ந்த பிறகும் ஆண்டுதோறும் குளிர்காலம் கேட்கும். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் மொட்டு உறக்கம் கலைந்து ஒழுங்காக விரியும். நாம் மஃப்ளர் கட்டுகிற ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. விதையை ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், மரத்தை எங்கே வைப்பது? போதாததற்கு, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டு விதையைப் பெட்டியில் போட்டு வருவது சட்டப்படி தவறு. வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

[காட்சி: கோரிமேட்டுப் பக்கம், செம்மண். பூத்த வெட்பாலை.]

அவள் வாடிப்போகக் கூடாதே என்று இந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். வெட்பாலை. இதுவும் இலை உதிர்க்கும் சிறு மரம்தான். அது குளிருக்கு உதிர்க்கிறது, இது வறட்சிக்கு உதிர்க்கிறது. கோடையில் ஐந்து இதழில் வெள்ளைப் பூ. நடுவில் பஞ்சுக் குஞ்சம் போன்ற விளிம்பு. இலையைக் கிள்ளினால் பால் வரும். அந்த இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். தோல் நோய்க்கு நம் வீடுகளில் தடவுகிற எண்ணெய் அதுதான். குடசப்பாலையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் காயைப் பார்க்கட்டும்: வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டியிருக்கும், குடசப்பாலையில் பிரிந்து தொங்கும். பழத்துக்கு ஆசை என்றால் பக்கத்திலேயே ஒரு களா வைத்துக்கொள்ளலாம். முள் உண்டு, கை பத்திரம்.

தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து, ஐப்பசி மழையோடு வெட்பாலைக் கன்றை நடுங்கள். விதை சேர்ப்பதானால், காய் முற்றியதும் கிளையோடு சேர்த்து ஒரு துணிப்பையைக் கட்டிவிடுங்கள். வெடித்துப் பஞ்சு பறந்துவிட்டால் விதை பக்கத்து வீட்டுக்குத்தான்.